இரண்டே வறள்காலம்: சாம்பியாவில் மீன்குளத் தன்னார்வலரின் வேலை

அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பில் தன்னார்வலராகச் சேருபவர் 27 மாதங்களுக்கு ஒப்புக்கொள்கிறார். மூன்று மாதம் பயிற்சி, 24 மாதம் கிராமம். இரண்டு வருடம் என்றால் ஏகப்பட்ட காலம் என்றுதான் தோன்றும். ஆப்பிரிக்க நாடான சாம்பியாவின் வட மாகாணத்துக்கோ லுவாபுலா மாகாணத்துக்கோ மீன்குளம் வெட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறவருக்கு அது இரண்டே வறள்காலம். அவற்றிலும் முதலாவது பெரும்பாலும் கையை விட்டுப் போய்விடும்.

கணக்கு இதுதான். சாம்பியாவுக்கு ஒரே மழைப்பருவம். நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் ஓய்கிறது. வடக்கே ஆண்டுக்கு 1,000 மி.மீ.க்கு மேல் பெய்யும். நவம்பர், டிசம்பரில் மக்காச்சோளம், பயறு, நிலக்கடலை விதைப்பு. அப்போது குளம் வெட்டக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது. ஜனவரி, பிப்ரவரியில் பழைய தானியம் தீர்ந்து புதியது முற்றாமல் இருக்கும் பசி மாதங்கள். ஏப்ரல், மே அறுவடை. ஆக, மண் வெட்ட ஆள் கிடைப்பதும் மண் வெட்டத் தோதாக இருப்பதும் ஜூன் முதல் அக்டோபர் வரைதான். மே மாதம் கிராமத்தில் போய் இறங்குபவருக்கு முதல் மூன்று மாதம் எந்தத் திட்டத்தையும் தொடங்கக்கூடாது என்பது விதி. ஊரைச் சுற்ற வேண்டும், மொழி பேச வேண்டும், ஊர்த்தலைவரையும் பாரம்பரியத் தலைவரையும் கண்டு வணங்க வேண்டும். அது முடிய ஆகஸ்ட். மிஞ்சுவது இரண்டு மாதம். மண்வெட்டி ஏறும் முழுப் பருவம் என்பது அடுத்த ஆண்டு ஒன்றே ஒன்று.

விதி முட்டாள்தனமானது அல்ல. வந்த மாதமே வெட்டிய குளம் பெரும்பாலும் யாரோ ஒரு வாய்ச்சாலக்காரரின் நிலத்தில் போய் முடியும். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர், முந்திய திட்டங்கள் ஒவ்வொன்றிலும் பெயர் கொடுத்தவர். மூன்று மாதம் பொறுத்தால் தோட்டத்தில் தானாகவே வாய்க்கால் இழுத்துக் காய்கறி போட்டிருக்கும் விதவை ஒருத்தி கண்ணில் படுவாள். குளம் அவளுக்குத்தான் நிலைக்கும்.

கையில் காசில்லாத விருந்தாளி

வெளிநாட்டுக்கு ஆளை அனுப்பி வளர்ச்சி வேலை செய்ய வைக்கும் அமைப்புகளில் பிரிட்டனின் வி.எஸ்.ஓ. 1958இல் தொடங்கியது. 1961 மார்ச் 1 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி ஆணையிட்டு பீஸ் கோரைத் தொடங்கினார். ஜப்பானின் இளைஞர் தன்னார்வலர் அமைப்பு 1965இல் வந்தது. சாம்பியாவுக்கு பீஸ் கோர் வந்தது 1994இல். சில ஆண்டுகளிலேயே ஊரக மீன்வளர்ப்பு அதன் வேலைகளில் ஒன்றாகி, நாட்டின் மீன்வளத் துறையோடு சேர்ந்து நடக்கத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக உலகம் முழுவதும் இருந்த தன்னார்வலர்கள் எல்லோரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 2022இல் முதலில் ஆள் திரும்பிய நாடுகளில் சாம்பியாவும் ஒன்று.

தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது. உள்ளூர் மட்டத்தில் சாப்பிட்டு வாழ மாதப்படி உண்டு. முடித்துப் போகும்போது ஒரு தொகை உண்டு. திட்டப் பணம் என்று தனியாகக் கையில் எதுவும் இல்லை. சிறு மானியம் கேட்கலாம். ஆனால் செலவில் குறைந்தது 25 சதவீதத்தை ஊரார் உழைப்பாகவோ பொருளாகவோ போட்டாக வேண்டும். ஊரில் முதல் கேள்வி எப்போதும் ‘என்ன கொண்டு வந்தீர்கள்?’ என்பதுதான். சிமென்ட், குழாய், வலை, தள்ளுவண்டி என்று அவர்கள் எதிர்பார்ப்பதில் தப்பில்லை; முன்னால் வந்தவர்கள் கொடுத்துப் பழக்கியது. இருந்தாலும் முதல் குளத்துக்கு மானியம் கேட்காமல் இருப்பதே நல்லது. மானியத்தில் எழுந்த கரை உடைந்தால், கொடுத்தவர் வந்து கட்டட்டும் என்று காத்திருப்பார்கள். தன் முதுகு வலிக்க வெட்டியவர் அன்று மாலையே மண்ணைப் போட்டு அடைப்பார்.

ஒரு நாள் எதில் போகிறது

விடியலில் கேட்கும் முதல் சத்தம் வாசல் பெருக்குவது. வீட்டைச் சுற்றிப் புல் இல்லாமல் மண்தரையாகப் பெருக்கி வைப்பது அழகுக்காக மட்டும் இல்லை, பாம்பு வந்தால் தெரிய வேண்டும். தன்னார்வலரின் வீடும் மற்ற வீடுகளைப் போல மண்கல் சுவரும் புல் கூரையும்தான். பெருக்காத வாசல் சோம்பேறியின் வாசல் என்று பேசப்படும். 20 லிட்டர் கேனில் தண்ணீர் கொண்டுவந்து, வடிகட்டி, குளோரின் சொட்டு விட்டுக் குடிக்க வேண்டும். ம்பாவுலா என்ற தகர அடுப்பில் கரி பிடித்துக் கனல கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழை என்று அதை அறைக்குள் தூக்கி வந்து கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினால் கரிப்புகையே ஆளைக் கொன்றுவிடும்.

பிறகு சைக்கிள். தன்னார்வலர் மோட்டார் வண்டி ஓட்டக்கூடாது. ஹெல்மெட் போடாமல் சைக்கிள் ஓட்டினாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மணல் பாதையில் 20 கிலோமீட்டர் போக இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். பஞ்சர் ஒட்டும் பொருள், காற்றடிக்கும் பம்பு, ஒரு மாற்று ட்யூப் இவை இல்லாமல் கிளம்பினால் திரும்புவது நடைதான். வழியில் வயலில் குனிந்திருப்பவரைப் பார்த்து ‘முவாபோம்பேனி முக்வாய்’ என்று சொல்லாமல் கடப்பது மரியாதைக்கேடு. வேலை செய்துகொண்டிருப்பவருக்கென்றே பெம்பா மொழியில் உள்ள வாழ்த்து அது. இப்படி ஐந்து இடத்தில் நின்றால் இன்னொரு அரை மணி நேரம் போகும். பிற்பகல் 2 மணிக்கு என்று வைத்த கூட்டம் மூன்றரைக்குத் தொடங்கும். ஊரில் சாவு விழுந்தால் எல்லா வேலையும் நிற்கும். துக்க வீட்டுக்கு மாவோ கரியோ கொஞ்சம் காசோ கொண்டுபோய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். ஒரு வாரத்தில் இரண்டு சாவு என்றால் அந்த வாரம் மண்வெட்டிக்கு ஓய்வு. இதை வீண்போன நாளாக எழுதிக்கொள்பவர் அடுத்த குளத்துக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்.

துணி துவைத்துக் கொடியில் காயப்போட்டால் இஸ்திரி போட்டே உடுத்த வேண்டும். புட்சி என்ற ஈ ஈரத் துணியில் முட்டையிடும். புழு தோலுக்குள் புகுந்து கொப்புளமாக வளரும். கரி இஸ்திரிப் பெட்டியின் சூடு முட்டையைக் கொல்லும். தையல் மடிப்புகளைத்தான் விட்டுவிடுவார்கள், புழு அங்கிருந்துதான் வரும்.

இடம் பார்க்க அக்டோபர்

குளம் வெட்டுவது ஜூனில் என்றாலும் இடம் பார்ப்பது அதற்கு முந்திய அக்டோபரில் நடக்க வேண்டும். மழைக்கு முந்திய அந்த மாதத்தில்தான் ஓடைகளில் நீர் மிகக் குறைவு. அப்போது ஓடும் நீர் ஆண்டு முழுவதும் ஓடும். ஏப்ரலில் பார்த்துவிட்டு ‘எவ்வளவு தண்ணீர்!’ என்று மயங்கி முளை அடித்த குளங்கள்தான் செப்டம்பரில் வெடித்துக் கிடக்கும் குளங்கள். முதல் வறள்காலத்தில் மிஞ்சும் அந்த இரண்டு மாதத்துக்குச் சரியான வேலை இதுதான். வெட்டுவதைவிட இடம் பார்ப்பது.

நீரை அளக்க ஒரு வாளி போதும். 20 லிட்டர் வாளி அரை நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர், நாளுக்கு ஏறத்தாழ 58 கன மீட்டர். நீர்ப்பரப்பு 10 மீட்டருக்கு 15 மீட்டர் உள்ள குளம், கரைச் சாய்வைக் கழித்தால், 100 கன மீட்டர் அளவில் பிடிக்கும். இரண்டு நாளில் நிறைந்துவிடும். அதே வாளி நிறைய இரண்டு நிமிடம் ஆனால் ஒரு வாரம் பிடிக்கும்; அதுவும் பரவாயில்லை. கசிவும் ஆவியும் சேர்ந்து நாளுக்கு 2 செ.மீ. இறங்கினாலும் இழப்பு 3 கன மீட்டர்தான். நிமிடத்துக்கு 2 லிட்டர் தொடர்ந்து வந்தால் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும்.

மண்ணைச் சோதிக்க இரண்டு வழி. ஈர மண்ணைக் கையளவு உருட்டி அரை மீட்டர் உயரம் எறிந்து பிடிக்க வேண்டும். உடையாவிட்டால் களி இருக்கிறது. இது தோராயம்தான். நம்பகமான சோதனைக்கு ஒரு மீட்டர் ஆழக் குழியைக் காலையில் நீரால் நிரப்ப வேண்டும். அது மண்ணில் ஊறிவிடும். மாலையில் மறுபடி நிரப்பி இலைதழையால் மூடிவிட்டு, மறுநாள் விடிந்ததும் பார்க்க வேண்டும். பெரும்பகுதி நீர் நின்றால் வெட்டலாம். ஒரு குழியோடு நிறுத்தக்கூடாது. குளம் அமையும் இடத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் பார்க்க வேண்டும். மணல் பட்டை ஒன்று ஒரு மூலையில் மட்டும் ஓடுவது சகஜம்.

இன்னொன்று சரிவு. குளத்தின் அடிமட்டம் ஓடையைவிட உயரத்தில் இருந்தால்தான் நீரை வடித்து முழுதும் காலி செய்ய முடியும். சதுப்புத் தாழ்விலேயே குழி தோண்டினால் நீர் தானாக ஊறி நிறையும், வாய்க்கால் வெட்டும் வேலை மிச்சம். ஆனால் அந்தக் குளத்தை ஒருநாளும் வடிக்க முடியாது. இதன் விலை பிறகுதான் தெரியவரும்.

கரை

முதலில் புல்வேரோடு உள்ள மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டித் தனியே குவிக்க வேண்டும். அந்த மண் கரைக்குள் போகக்கூடாது. வேர் அழுகினால் அதுவே நீர் போகும் குழாயாகிவிடும். கடைசியில் கரையின் மேல் பரப்பிப் புல் வளர்க்க அது உதவும். அடுத்து, கரை எழும்பும் கோட்டின் நடுவே அரை மீட்டர் அகலத்தில், களி தட்டும் வரை ஒரு அகழி. அதைச் சுத்தமான களிமண்ணால் நிரப்பி இடித்து இறுக்க வேண்டும். கரையின் அடியிலிருந்து கசியும் குளங்களில் பெரும்பாலும் இந்த அகழி இருக்காது. வெளியே தெரியாத வேலை என்பதால் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

கரை மண்ணை 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். மரத்துண்டு ஒன்றில் குறுக்குக் கைப்பிடி அறைந்தால் திமிசு தயார். உள்சாய்வு, ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம். கரைமேல் ஒரு மீட்டர் அகலம். நீர்மட்டத்துக்கு மேல் 30 செ.மீ. உயரம். மண் அமர்ந்துபோகும் என்பதால் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எழுப்ப வேண்டும். மட்டம் பார்க்கக் கயிறும் ரசமட்டமும் போதும். ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்பிப் பார்க்கும் கொத்தனார் முறை இன்னும் நல்லது.

சாய்வு விஷயத்தில்தான் யாரும் சொன்னதைக் கேட்கமாட்டார்கள். செங்குத்தாக வெட்டினால் மண் குறைவு, குளம் பெரிதாகத் தெரியும். முதல் மழைக்கு அந்தச் சுவர் சரிந்து உள்ளே விழும். மூன்று ஆண்டில் குளம் அரைக்குளம். அளவுக் கயிற்றோடு மூன்று நாளுக்கு ஒருமுறை வந்து நிற்பதுதான் தன்னார்வலர் உண்மையில் செய்யும் வேலை. மண்ணை அவரும் சேர்ந்து வெட்டலாம், ஊருக்குச் சிரிக்க ஒரு காட்சி கிடைக்கும். வெட்டிய மண்ணே கரையாக எழுவதால் தோண்ட வேண்டியது 50 கன மீட்டர் மண். கையால் வெட்டினால் ஒருவர் நாளுக்கு ஒன்று அல்லது ஒன்றரை கன மீட்டர். ஆக 40 ஆள்நாள். வாரத்துக்கு மூன்று காலை வெட்டும் ஒற்றை விவசாயிக்கு மூன்று மாதம், சாவு, திருவிழா, காய்ச்சல் சேர்த்தால் நான்கு. ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் இறுதி. ஜூலை இறுதியில் தொடங்கியவர் கரையை இடித்து இறுக்கி முடிக்காமலே மழையைச் சந்திப்பார்.

நீர் பச்சையாக வேண்டும்

தெளிந்த குளம் பட்டினிக் குளம். வடக்கத்து மண் கனமழையில் சத்து கரைந்து புளித்த, அதாவது அமிலம் ஏறிய மண். அடியில் சுண்ணாம்பு, கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பல் தூவ வேண்டும். பிறகு குளத்தின் ஒரு மூலையில், பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குச்சி நட்டு வேலி கட்டி, புல், எரு, கோழி எச்சம் போட்டு வாரம் இரண்டுமுறை கிண்டிவிட வேண்டும். நீரில் நுண்பாசி வளர்ந்து பச்சையாகும்; மீனின் முதல் தீனி அதுதான். முழங்கை வரை கையை நீரில் விட்டால் விரல் நுனி கண்ணுக்கு மறைய வேண்டும், அதுதான் அளவு. மணிக்கட்டிலேயே மறைந்தால் எரு அதிகம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சுக்காற்று தீர்ந்துவிட்டது. எருவை நிறுத்திப் புதுநீர் விட வேண்டும். தவிடு, மரவள்ளி இலை எல்லாம் இதற்கு மேல் போடும் தீனிதான். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் போட்டால் மீனின் எண்ணிக்கையும் பசியும் தெரியும்.

மீன் ஏன் சிறுத்துப்போகிறது

நம் ஊர் ஏரிகளில் ஜிலேபி என்று விற்கும் மீனின் பூர்வீகம், சாம்பெசி ஆற்றின் கீழ்ப்பகுதியும் அதற்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகளும். 1952இல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்தது. சாம்பியக் குளங்களில் வளரும் மூன்றுபுள்ளி, பச்சைத்தலைத் திலேப்பியாக்கள் அதன் நெருங்கிய உறவினர்கள். குணமும் அதே. பெண்மீன் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும், அந்த நாட்களில் தின்னாது, வளராது. மூன்று நான்கு மாதத்திலேயே குஞ்சு பொரிக்கத் தொடங்கும். உள்ளங்கையைவிடச் சிறிய ஜிலேபி கூட்டமாக மொய்க்கும் குட்டையைப் பார்த்தவர்களுக்கு மீதி விளக்கம் தேவையில்லை.

அதனால்தான் ஆறு மாதத்தில் முழுதாக வடித்துப் பிடி என்று பாடம் சொல்கிறது. சதுர மீட்டருக்கு 2 குஞ்சு, 150 சதுர மீட்டருக்கு 300. ஐந்தில் ஒன்று போனால் 240. தலைக்கு 120 கிராம் என்றால் 29 கிலோ. அக்டோபரில் விட்டால் ஏப்ரலில் பிடிக்கலாம். ஜூன், ஜூலைக் குளிரில் மீன் வளராது என்பதால் இந்தப் பருவமே சரி.

பாடம் நடுவில் உடைவது பசி மாதங்களில். ஜனவரியில் வீட்டில் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாதபோது குளத்தில் மீன் இருக்கும். விருந்தாளி வருவார், சாவு வரும், பள்ளிக் கட்டணம் வரும். தூண்டில் போட்டால் முதலில் கடிப்பது பெரிய மீன், அதாவது வேகமாக வளர்ந்தது. மிஞ்சுவது வளராததும் அதன் குஞ்சுகளும். ஏப்ரலில் குளம் நிறைய விரல்நீள மீன். ‘இந்த மீனே இப்படித்தான்’ என்று முடிவாகிவிடும். இதை அறியாமை என்று எழுதும் அறிக்கைகள் உண்டு. வங்கி இல்லாத ஊரில் குளம்தான் வங்கி. தேவைப்படும்போது எடுக்க முடியாத வங்கியை யார் வைத்துக்கொள்வார்கள்?

முழுதும் வடிக்கத் தயங்குவதற்கு இன்னொரு காரணம், விதை அற்றுப்போகும் என்ற பயம். அரசுக் குஞ்சுப் பண்ணை பல மணி நேரப் பயணத்தில் இருக்கும். இதற்கு மாற்று, பெரிய குளத்துக்குப் பக்கத்தில் 2 மீட்டருக்கு 3 மீட்டரில் ஒரு சின்னக் குழி. அறுவடைக்கு முன் 300 நல்ல குஞ்சை அதில் ஒதுக்கிவைத்தால் விவசாயி குளத்தை முழுதும் வடிக்கச் சம்மதிப்பார். பொறுக்கும்போது ஒரு எச்சரிக்கை: சிறிய மீன் எல்லாம் குஞ்சு அல்ல. தலையும் கண்ணும் பெரிதாகவும் உடல் ஒல்லியாகவும் இருந்தால் அது வளராமல் நின்ற கிழம். அதை விதையாக விட்டால் அடுத்த ஆறு மாதமும் வீண்.

அறுவடை நாளைக் குஞ்சு விடும் நாளிலேயே குறித்து, ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். வாங்குபவர்களுக்கு நாள் தெரிந்தால் அன்று வருவார்கள். ஐந்து கிலோ வீதம் அரைவிலைக்குப் போவது தவிர்க்கப்படும். 5 செ.மீ. குழாயால் உறிஞ்சி வடித்தால் ஓர் இரவில் இறங்கிவிடும். அந்த இரவு யாராவது கரையில் படுக்க வேண்டும். நீர் குறையும் வாசனைக்கு நீர்நாயும் வரும், மனிதரும் வருவார்கள்.

உடம்பு

மலேரியா மாத்திரை கட்டாயம், கொசுவலையும் அப்படியே. குளத்து வேலைக்கென்றே உள்ள நோய் பில்ஹார்சியா. நன்னீர் நத்தையிலிருந்து வெளிவரும் புழு தோல் வழியே உடலில் ஏறும். நத்தை வாழ்வது கரையோரக் களைச்செடிகளில். அதனால் ஓரப் புல்லை நீர்மட்டத்தில் வழித்து வைப்பதும், யாரும் குளத்தில் சிறுநீர் கழிக்காமல் பார்ப்பதும் மீனுக்காக அல்ல, ஆளுக்காக. நீரில் இறங்கினால் ஏறியவுடன் துடைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் வரும், நாடு திரும்பும்போது பரிசோதித்து மருந்து கொடுப்பார்கள். மருந்து மலிவானதுதான். உடன் வெட்டிய விவசாயிக்கும் கிராமச் சுகாதார நிலையத்தில் அது இருப்பில் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துவைப்பது தன்னார்வலரால் முடிகிற காரியம்.

இரண்டாவது ஏப்ரலில் முதல் குளம் வடியும்போது பல தன்னார்வலருக்கு மூட்டை கட்ட இன்னும் ஒரு மாதமே இருக்கும். சைக்கிளை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், வீட்டை நிலக்காரருக்கு விட வேண்டும். அடுத்து வரப்போகிறவருக்கு எழுதிவைக்கும் குறிப்பேட்டில் குளங்களின் எண்ணிக்கையைத்தான் பெரிய எழுத்தில் எழுதுவது வழக்கம். அதைவிடப் பயன்படும் விவரம் வேறு: எந்தக் குளத்தில் நீர் அக்டோபரில் எத்தனை செ.மீ. நின்றது, எந்தக் கரையில் அகழி வெட்டவில்லை, யார் யாருக்குக் குஞ்சு கொடுத்தார்கள், யாரிடம் திமிசுக் கட்டை இருக்கிறது.